என் அறைக்குப் பட்டியக்கல்

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் கூடத்துச் சிவப்புத் தரையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். குனிந்தால் முகம் தெரியும் போலிருக்கிறதே என்பார்கள். அப்புறம் என் அறை வாசலுக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிடுவார்கள். உள்ளே சாம்பல் நிறப் பட்டியக்கல். உளி கொத்திய தடம் அப்படியே தெரியும். கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டத்திலும் பாவுகிற கல். "படுக்குற அறையில போயி இத..." என்று இழுப்பார்கள். நாய்க்காகப் போட்டது என்று சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தத் தரைக்காக நான் போட்ட சண்டைக்கு முன்னால் இவர்கள் சிரிப்பெல்லாம் தூசு.

நான் பிறந்தது கமுதிப் பக்கம். மிளகாய், பருத்தி, மழைக்காக வானத்தைப் பார்த்துக் கிடக்கிற நிலம். அங்கே நாய் வளர்க்கிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது பித்தளை அண்டா, கறவை மாடு இவற்றோடு ஒரு கன்னி நாய்க்குட்டியையும் சீராகக் கொடுப்பார்கள். கன்னி என்பது அந்த நாயின் சாதி. கறுத்த உடம்பு, ஒட்டிய வயிறு, நெடுநெடுவென்ற கால், கண்ணுக்கு மேலே தேன் நிறத்தில் இரண்டு புள்ளி. அது விரட்டினால் முயல் தப்பாது. அதை விற்பது கௌரவக் குறைச்சல். பெண்ணோடு போகும், இல்லையென்றால் பிறந்த வீட்டோடு கிடக்கும். நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்களில் எனக்குக் கல்யாணம் ஆனது. எங்கள் அய்யா, அதாவது என்னைப் பெற்றவர், வீட்டு நாய் ஈன்றதில் நல்ல குட்டியாகப் பார்த்து எடுத்து என் மடியில் போட்டார். வண்டி நிறையச் சாமான் இருந்தும் நான் கையில் பிடித்துக்கொண்டு வந்தது அது ஒன்றைத்தான்.

வந்து சேர்ந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே. கண்மாய் பாய்கிற வயல் முடிந்து உப்புக்காற்று தொடங்குகிற இடம். அங்கே நாய்ச்சீர் என்ற பேச்சே கிடையாது. நான் வண்டியிலிருந்து இறங்கியதும், ஆரத்தித் தட்டோடு நின்றவர்களில் ஒருத்தி, "பொண்ணுகூட நாயவும் சேத்துக் குடுத்து விட்டுருக்காக பாத்தியளா" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தக் கணத்தில் எனக்கு அந்த ஊரே பிடிக்காமல் போயிற்று. குட்டியைக் கீழே விடாமல், இடுப்பில் இடுக்கிக்கொண்டுதான் வலது காலை எடுத்து வைத்தேன். அத்தை, அதாவது என் மாமியார், முகம் சுண்டிப் போனார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஜவுளிக்கடை வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை தனுஷ்கோடிக் கப்பலில் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் எனக்கு அந்த அறையும் நாயும்தான். அப்போது இருந்தது பழைய வீடு, மண் தரை. சாணி போட்டு மெழுகுவோம். வெயில் காலத்தில் நாய் குளிர்ச்சி தேடி மூலையில் குழி பறித்துப் படுக்கும். நான் குழியை மூடி மெழுகுவேன். மறுநாள் அதே இடத்தில் மறுபடி பறிக்கும். தரை வெடிப்பில் உண்ணி போய் ஒளிந்துகொள்ளும். மண்ணெண்ணெய்த் துணியை வைத்துத் தேய்த்துத் தேய்த்து என் கை நாறும். அலுத்துக்கொள்வேனே தவிர, வெளியே போய்ப் படு என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

மாமனாரோடு மருமகள் நேருக்கு நேர் பேசக்கூடாது என்பது எங்கள் சனத்தில் இருந்த கட்டுப்பாடு. மாமா வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டுமானால் அத்தையிடம் சொல்லி அவர்கள் போய்ச் சொல்ல வேண்டும். அத்தை வீட்டில் இல்லாவிட்டால்? சில வீடுகளில் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள், சில வீடுகளில் தொட்டில் பிள்ளையைப் பார்த்துப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் நாய் இருந்தது. மாமா முற்றத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "ஏ நாயி, ஒங்க வீட்டம்மா இன்னைக்குக் கொழம்புல உப்பு போட மறந்துட்டாகளாமே" என்பார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏ புள்ள, உப்புச் சாடிய அத்தை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வச்சாகன்னு கேட்டுச் சொல்லு" என்பேன். நாய் அவரைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், வாலை ஆட்டும். மாமா பெரிய நியாயக்காரர். ஊர்க் கூட்டத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இருக்காது. வீட்டில் அவருக்கு மறுபேச்சு பேசியது நானும் நாயும்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் குஷிகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

கல்யாணமான மறு வருஷம் எனக்கு ஒரு குழந்தை பிறந்து தங்கவில்லை. தீட்டு என்று என்னைத் தனியாக விட்டிருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு அத்தை திரும்பிப் போய்விடுவார்கள். தேற்ற வந்தவர்கள் வெளியே நின்றபடியே தேற்றினார்கள். வீட்டுக்காரர் கொழும்பில். அந்த நாட்களில் அறைக்குள் வந்து என் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது அந்த நாய் ஒன்றுதான். அது மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே நானும் மூச்சு விட்டேன். நாய்க்கு இத்தனை இடம் கொடுக்கலாமா என்று இன்றைக்கும் கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

சில வருஷம் கழித்து மாமா புது வீடு கட்டத் தொடங்கினார். அப்போது சிமெண்டுக்கு பெர்மிட் வாங்க வேண்டும். அதற்காக ராமநாதபுரத்துக்கு நடையாய் நடந்தார். எங்கள் ஊரில் சிமெண்டுத் தரை உள்ள முதல் வீடு நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கனவு. வெறும் சிமெண்டு இல்லை. சிவப்புக் காவிப் பொடி கலந்து, கரணையால் இழைத்து இழைத்துக் கண்ணாடியாக்கிய தரை. எங்கேயோ ஒரு வக்கீல் வீட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதற்கென்றே பரமக்குடியிலிருந்து ஒரு கொத்தனாரை வரவழைத்தார். அந்தக் கொத்தனார் பளபளப்பைத் தவிர உலகத்தில் எதையும் மதிக்காதவர். "அய்யா, நீங்க தலை சீவ கண்ணாடியே தேவைப்படாது" என்று சொல்லி மாமாவின் மனத்தைக் குளிர வைத்துவிட்டார்.

சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலை மாமா முற்றத்தில் உட்கார்ந்து நாயிடம் தீர்ப்பு சொன்னார்.

"ஏ நாயி, நல்லாக் கேட்டுக்க. புது வீட்டுல நெலவாசல்படிக்கு அங்கிட்டுத்தான் ஒனக்கு எடம். உள்ள கால வச்சேன்னா நகம் பட்டுக் கோடு கோடா விழுந்துரும். அந்தத் தரைக்கு நீ ஆக மாட்ட."

கதவுக்குப் பின்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏ புள்ள, ஒனக்கு எங்கன எடமோ அங்கனதான் எனக்கும் எடம்னு சொல்லு" என்றேன்.

மாமா பெரிதாகச் சிரித்தார். பொம்பளைப் பிள்ளை கோபத்தில் சொல்வதுதானே என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கோபம் கொஞ்சம் ஆறியதும் யோசித்தேன். நகம் பட்டால் கோடு விழும் என்று மாமா சொன்னது பொய்யில்லை. ஆனால் கோடு விழுவது தரையின் குறையா, நாயின் குறையா? நாய் நாயாகத்தான் இருக்கும். நகம் இருக்கும், ஈரக் காலோடு வரும், வயிறு சரியில்லாத நாளில் அசுத்தம் பண்ணும். இதையெல்லாம் தாங்காதது தரையே இல்லை என்று எனக்குப் பட்டது. என் அறைக்கு என்ன தரை வேண்டும் என்று நானே பார்க்கிறேன் என முடிவு செய்தேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்களை ஜாக்கெட்டுத் துணிகூட விருப்பப்படி எடுக்க விட்டதில்லை. தரையைத் தேர்ந்தெடுக்கிற பெண்ணை ஊர் பார்த்ததே கிடையாது.

கொத்தனாரிடம் உடைந்த துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். சொப்புச் சாமான் விளையாடவா என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். பூப்போட்ட செட்டிநாட்டுக் கல் ஒன்று, சுட்ட தட்டோடு ஒன்று, கடப்பாக்கல் ஒன்று, அவர் மாதிரிக்கு இழைத்துக் காட்டிய சிவப்புச் சிமெண்டுப் பாளம் ஒன்று. எல்லாவற்றையும் கொல்லையில் முருங்கை நிழலில் நாய் படுக்கிற இடத்தில் பதித்தேன். அதன் மேலேதான் அதற்குச் சோறு, அதன் மேலேதான் தூக்கம். ஈரமாக்கினேன், காய விட்டேன், நாயை அதன் மேல் ஓட விட்டேன். அத்தை பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

தட்டோடு முதலில் தோற்றது. ஊற்றியதையெல்லாம் குடித்துக்கொண்டது. மூத்திரத்தையும் குடித்துவிட்டு வெயில் ஏறினதும் நாற்றத்தைக் கக்கியது. செட்டிநாட்டுக் கல்லைப் பார்க்க ஆசையாக இருந்தது, ஆனால் ஓரம் மஞ்சள் பாரித்து, எத்தனை தேய்த்தும் போகவில்லை. கடப்பாக்கல்லின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. கறுப்பு, குளிர்ச்சி, நாய்க்கும் பிடித்திருந்தது. ஆனால் நாய் இரண்டு தடவை அதன் மேல் உட்கார்ந்து மூத்திரம் பெய்தது. பெட்டை நாய் அப்படித்தான் உட்காரும். தேமல் விழுந்தது போல வெள்ளைத் திட்டு வந்துவிட்டது. சிவப்புச் சிமெண்டின் கதையைக் கேட்கவே வேண்டாம். சிலேட்டில் கிறுக்கியது மாதிரி ஆயிற்று. போதாக்குறைக்கு எங்கள் மண்ணின் உப்பு அடியிலிருந்து பூத்து வந்து சிவப்பை வெளிற வைத்தது. அந்தப் பாளத்தைக் கொத்தனார் கண்ணில் படுகிற மாதிரி எடுத்து வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் கிணற்றடியில் துணி துவைக்கிற கல் கண்ணில் பட்டது. எத்தனை வருஷமாக அதில் அடிக்கிறோம், தேய்க்கிறோம், சவுக்காரம், உப்புத்தண்ணீர், உவர்மண். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நாய் நனைந்த காலோடு அதன் மேல் ஏறித் திரும்பித் திரும்பி நின்றது, வழுக்கவில்லை. அதே ஜாதிப் பட்டியக்கல்லை மாமா மேற்கேயிருந்து வண்டி வைத்து இறக்கியிருந்தார். எங்கள் பக்கம் தேங்காய் உடைக்கக்கூட உருப்படியாக ஒரு கல் கிடைக்காது. எல்லாம் சிவகங்கைக்கு அந்தப் பக்கமிருந்து வர வேண்டும். மாட்டுக்கொட்டத்தில் பதித்து முடித்தாகிவிட்டது. கிணற்றடிக்கு வைத்திருந்தது சுவரில் சாய்ந்து நின்றது. அதை அளந்து பார்த்தேன். என் அறைக்குப் போதும்.

இடுக்கில் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துப் பூசினால் உண்ணி குடியேறும், அதனால் சிமெண்டு வைத்து இறுக்க வேண்டும் என்பதுவரை யோசித்துவிட்டேன். மறுநாள் மாமா முற்றத்துக்கு வந்ததும் நாயைக் கூப்பிட்டேன்.

"ஏ புள்ள, நம்ம அறைக்குச் சிவப்புத் தரை வேணாம். கிணத்தடிக்கு இறக்கின பட்டியக்கல்லப் போட்டாப் போதும்னு மாமாகிட்டச் சொல்லு. நீ கீறினாலும் அதுல விழாது."

மாமா நாற்காலியை நாய்ப் பக்கம் திருப்பிப் போட்டார். "குளிக்கிற மனுசனுக்குச் சேறு, படுக்குற நாயிக்குக் கல்லா?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சேற்றில் நின்று குளித்துக்கொள்கிறேன் என்று நாயிடம் சொன்னேன். அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்தார்கள். "ஊரு சிரிக்கும்டி. மவன் கொழும்புல இருந்து சம்பாரிச்சு அனுப்புறான், அவன் பொண்டாட்டி மாட்டுக்கொட்டத்துல படுக்குறாம்பாக." சொல்லட்டும் என்றேன். மாமா நாயைப் பார்த்து, "ஒங்க வீட்டம்மாவுக்குக் கமுதி வெயில் இன்னும் எறங்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்தச் சமயத்தில் என் தங்கை சமைந்த சடங்குக்காகப் பிறந்த வீடு போக வேண்டியிருந்தது. நாயையும் கூட்டிக்கொண்டு போனேன். சில வாரம் கழித்துத் திரும்பி வந்து புது வீட்டில் என் அறையைத் திறந்தால், சிவப்பு. சுவர் முதல் சுவர் வரை, ஈரச் சாக்குப் போட்டு மூடி, ஓரத்தில் பளபளவென்று. நான் இல்லாத நேரம் பார்த்து வேலையை முடித்துவிட்டார்கள். அழுகையா ஆத்திரமா என்று தெரியாமல் நின்றேன். நாய் உள்ளே போகப் போனது. கொத்தனார் "ஏய், ஏய்" என்று துரத்தினார். என் அறை வாசலிலிருந்து என் நாயை என் கண் முன்னால் துரத்தினார்கள். அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

குடிபோகிற நாளுக்கு முந்திய வாரம் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வந்தார். அவருக்கு எப்போதுமே நாயைக் கண்டால் உள்ளுக்குள் பயம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "அப்பா ஆசையாப் போட்டுட்டாக. அத அப்படியே விட்டுருவமே. பாக்க அழகாத்தான இருக்கு" என்றார்.

"வருசத்துல ஒரு மாசம் படுக்குறவுக தரையப் பத்திப் பேசக்கூடாது" என்றேன்.

அதைச் சொன்னதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

குடிபோகிற நாள் காலை. பந்தல், வாழை மரம், உள்ளூர் வெளியூர் என்று ஏகப்பட்ட சனம். நாயைப் பழைய வீட்டில் கட்டிப்போடச் சொல்லி மாமா முதல் நாளே உத்தரவு போட்டிருந்தார். எங்கள் வழக்கப்படி முதலில் பசுவும் கன்றும் வீட்டுக்குள் போக வேண்டும். அதன் பின்னால் வீட்டு மருமகள் பால் குடத்தோடு போய், புது அடுப்பைப் பற்ற வைத்துப் பால் பொங்க விட வேண்டும். மருமகள் இருக்கிற வீட்டில் வேறு யார் கையாலும் முதல் அடுப்பு எரியக்கூடாது. நான்தான் ஒரே மருமகள்.

வந்தவர்கள் அசந்து போக வேண்டும் என்று முந்திய நாள் சாயந்தரம் கொத்தனாரும் மாமாவும் சேர்ந்து தரை முழுக்கத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்திருந்தார்கள். தரை மின்னியது. இதுவரை எல்லா வீட்டிலும் மண் தரை மேல்தான் மாட்டை ஓட்டியிருக்கிறார்கள். எண்ணெய் போட்ட கண்ணாடி மேல் மாட்டை ஓட்டுகிறோம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாதஸ்வரக்காரர் உச்சத்தில் வாசிக்க, மாடு நிலைவாசலைத் தாண்டி முன்னங்காலை வைத்தது. மிரண்டது. பின்னாலிருந்து தட்டினார்கள். கூடத்தின் நடுவுக்குப் போனதும் நாலு காலும் நாலு பக்கம் போய், முட்டி போட்டு, தொப்பென்று சாய்ந்தது. கன்று கத்தியது. மாடு எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்துக் குளம்பால் உரசியதில் அந்தச் சிவப்பில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை விழுந்தது. சாக்கைப் போட்டு நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். கால் ஒடியவில்லை. அந்தப் பயத்தில் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது.

வாத்தியம் நின்றுபோய்விட்டது. புது வீட்டில் மாடு விழுவதற்கு மேல் ஒரு கெட்ட சகுனம் எங்கள் சனத்துக்குக் கிடையாது. பந்தலில் குசுகுசுப்பு. மாமா முகத்தில் ரத்தமே இல்லை. அத்தை என்னிடம் ஓடி வந்து, "நேரம் தப்புது, போ, போயிப் பாலக் காய்ச்சு" என்று தள்ளினார்கள். நான் நிலைவாசலுக்கு வெளியே பால் குடத்தோடு நின்றேன். நகரவில்லை.

"மாமா" என்றேன். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் சொல். சத்தமாகத்தான் சொன்னேன். பந்தல் முழுக்கத் திரும்பியது.

"மாடு விழுந்தது சகுனமில்ல மாமா. நேத்து தேய்ச்ச எண்ணெய். இந்த மாடு கொட்டத்துல தினமும் பட்டியக்கல்லு மேலதான் நிக்குது. ஒருநாளாச்சும் வழுக்கியிருக்கா? தரை மேல தப்பு. மாட்டு மேலயும் இல்ல, சாமி மேலயும் இல்ல."

மாமா பழக்கத்தில் கீழே, என் கால் பக்கம் பார்த்தார். பதில் சொல்ல நாயைத் தேடினார். அவர்தான் கட்டிப்போடச் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப அதுக்கு என்னங்குற?"

"மாடு கீறினா லட்சுமி, நாயி கீறினா மூதேவியா மாமா? என் அறைத் தரையப் பேத்துட்டுப் பட்டியக்கல்லப் போடுறேன்னு சொல்லுங்க. நாயி அங்கன என்கூடத்தான் படுக்கும்னு சொல்லுங்க. நான் உள்ள வாரேன், பால் காய்ச்சுறேன்."

யாரோ ஒரு கிழவர் பந்தலில் களுக்கென்று சிரித்தார். அத்தை குடத்தை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தார்கள். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நல்ல காரியத்தில் மாமனாரை நாலு பேர் முன்னால் மிரட்டலாமா என்று கேட்பீர்கள். நாலு பேர் இல்லாத இடத்தில் நான் சொன்னதை அவர் கேட்டாரா? கேட்கவில்லை. அதனால் நாலு பேர் முன்னால் சொன்னேன்.

"சரி. காய்ச்சு" என்றார் மாமா.

"கல்லு?"

"போடுறேன்னேன்ல! உள்ள வந்து தொல."

வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன். வழுக்காமல் இருக்கச் சாக்கின் மேலே நடந்தேன். பால் நன்றாகவே பொங்கியது. மாடு விழுந்ததற்கு எண்ணெய்தான் காரணம் என்று மாமா அன்றைக்குச் சாயந்தரத்துக்குள் வந்தவர்கள் எல்லோரிடமும் தானே கண்டுபிடித்தது போலச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

மறு வாரம் என் அறைத் தரையைப் பெயர்த்தார்கள். கொத்தனார் ஒவ்வொரு அடிக்கும் என்னை ஒரு பார்வை பார்த்தார். சிவப்புச் சில்லுகளைக் கூடையில் அள்ளிக் கொல்லைச் சகதியில் கொட்டினார்கள். கல் இறங்கியது, இடுக்கில் சிமெண்டு ஏறியது. காய்ந்தபின் நாயை அழைத்து வந்தேன். மூலை மூலையாக மோந்தது. மூன்று சுற்று சுற்றி, பெரிய மூச்சு ஒன்றை விட்டு, தடாலென்று விழுந்து படுத்தது. நானும் பட்டப்பகலில் கதவைச் சாத்திவிட்டு அதன் பக்கத்தில் வெறும் கல்லில் படுத்தேன். முதுகு ஜில்லென்றது. இந்த இடம் என்னுடையது என்று அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகத் தோன்றியது.

கொட்டத்தில் படுக்கிறவள் என்ற பெயர் அத்தை சொன்னது போலவே வந்தது. குளத்தங்கரையில் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். ஆமாம், வழுக்கி விழாமல் படுக்கிறேன், நீயும் வேண்டுமானால் வந்து படு என்றேன். அதற்குப் பிறகு மாமாவும் நானும் நேராகவே பேசிக்கொண்டோம். பெரும்பாலும் சண்டைதான். உரம், விதைநெல், பிள்ளைகள் படிப்பு, எதற்கும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிள்ளைகள் இரண்டும் அந்தக் கல்லில்தான் தவழ்ந்தன. முட்டியில் சிராய்ப்பு வந்தது. அத்தை அதையும் குறை சொன்னார்கள். வீட்டுக்காரர் கொழும்பை விட்டுவிட்டு ஊரோடு வந்த பிறகு, கொஞ்ச நாள் கட்டிலை விட்டுக் காலை இறக்காமலே இருந்தார். அப்புறம் வெயில் காலத்தில் நாயின் முதுகின் மேல் காலை வைத்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டார். கேட்டால் இல்லவே இல்லை என்பார்.

நாய்க்கு வயசானது. பின்னங்கால்கள் நடுங்கத் தொடங்கின. கூடத்துச் சிவப்பில் கால் வைத்தால் பின்பக்கம் தானாக விரிந்து போய்விடும். வெட்கப்பட்டது போலத் தலையைக் குனிந்துகொள்ளும். அதனால் வீட்டைச் சுற்றி வந்து கொல்லைப் பக்கக் கதவு வழியாக என் அறைக்குள் நுழையும். கல்லில் நகம் பதிந்து, ஊன்றி, தானாகவே எழுந்து நிற்கும். தூக்கிவிட வேண்டியிருந்ததே இல்லை. கடைசி நாள் காலையிலும் அப்படியே எழுந்து தண்ணீர் குடித்தது. வெயில் ஏறின பிறகு பார்த்தேன், மூச்சு இல்லை. கல்லின் சூடா அதன் உடம்புச் சூடா என்று தெரியாமல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒப்பாரி வைக்கவில்லை. அழுதேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

மாமா வாசலுக்கு வந்து நின்றார். அவரும் கிழவராகிவிட்டிருந்தார். "ஆளைக் கூப்புட்டுக் கண்மாய்க் கரைக்கு அங்கிட்டுக் கொண்டுபோயிப் போடச் சொல்லுறேன்" என்றார். எங்கள் ஊரில் செத்த நாயை அப்படித்தான் செய்வார்கள்.

"போட்டுட்டு வாரதுக்கு அது குப்பையில்ல மாமா. இங்கன, என் ஜன்னலுக்குக் கீழே புதைக்கணும்."

"குடியிருக்குற மனைக்குள்ள நாயவா? எவனாச்சும் செய்வானா?"

"நான் செய்வேன்."

கொல்லையில் கிடந்த மண்வெட்டியை எடுத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். கோடை. உப்பு இறுகிய மண், வெட்ட வெட்டப் பாளம் பாளமாகத்தான் பெயர்ந்தது. உள்ளங்கை கொப்பளித்தது. மாமா பின்னாலேயே வந்து சுவரோரம் நின்றார். நிறுத்து என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சொன்னால் என்ன பதில் என்பதும் தயாராக இருந்தது.

சுவரைப் பிடித்துக் குனிந்து குழியை எட்டிப் பார்த்தார். அப்புறம், "இன்னும் ஆழமா வெட்டு. நரி வந்து கிண்டிரும்" என்றார்.

மண்வெட்டியை அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஆழமாக வெட்டினேன்.